டிம்ப்னா வாசிக்காத கட்டுரை

வண்டி நிற்கிறது, எஞ்சினும் ஓடவில்லை. ஆனால் டிம்ப்னா ஹார்டிகன் சீட்பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். ஸ்டியரிங்கின் மேல் தடித்த புத்தகம் ஒன்று சாய்ந்திருக்கிறது. தேவாலயப் பூசையில் வாசகம் படிப்பவர்களைப் போல அதை உரக்கப் படிக்கிறாள். கண்ணாடியில் மழை வழிகிறது. வீட்டுக் கதவு பக்கத்திலேயே இருக்கிறது. உள்ளே போனால் பாத்திரம் கூப்பிடும், நாய் கூப்பிடும், கணவன் மலக்கி கூப்பிடுவான். நிற்கிற வண்டியில் சீட்பெல்ட் எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "கழட்டினேன்னா இறங்கிடுவேன்."

அப்படியும் விடமாட்டார்கள். யாராவது குடையோடு வந்து கண்ணாடியைத் தட்டுவார்கள். மகனுக்கு வேலை விண்ணப்பம் நிரப்ப வேண்டும், கவுன்சிலுக்குப் போன் போட வேண்டும், பூனையைப் பார்த்தாயா. டிம்ப்னா கண்ணாடியை நாலு விரல் இறக்கி, விஷயத்தைக் கேட்டு, பதில் சொல்லி, மறுபடி ஏற்றுவாள். விட்ட வரியைத் தேடிப் பிடிப்பதற்குள் அடுத்த குடை வந்துவிடும்.

அயர்லாந்தில் லிமெரிக் நகரத்தின் ஓரத்தில் இருக்கிற இந்த க்ளோன்பெக் குடியிருப்பில்தான் அவள் பிறந்தாள். கல்யாணமாகி, அதே தெருவில் நாலு வீடு தள்ளிக் குடிவந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தவள், மகன்கள் இரண்டு பேரும் ஆஸ்திரேலியாவுக்குப் போன பிறகு, நாற்பத்தாறு வயதில் கல்லூரியில் சேர்ந்தாள். சமூகப் பணியும் இளைஞர் பணியும் சேர்ந்த பட்டப்படிப்பு. சண்டையை விலக்குவது, கூட்டத்தில் பேசாதவரைப் பேச வைப்பது, கோபக்காரப் பையனிடம் கோபப்படாமல் இருப்பது போன்ற பாடங்கள் அவளுக்கு ஏற்கெனவே பாதி தெரியும். சமூகவியல்தான் அவளைப் பிடித்து உலுக்கியது. தன் தெருவில் இத்தனை காலமாக நடந்துகொண்டிருந்த ஒவ்வொன்றுக்கும் எங்கோ யாரோ பெயர் வைத்து, விளக்கம் எழுதி, அச்சடித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது அவளுக்குத் தூக்கமே வரவில்லை.

"அதுக்கு ஒரு பேர் இருக்கு தெரியுமா." இப்போதெல்லாம் அவள் பேச்சு இப்படித்தான் தொடங்குகிறது. பிப்ரவரிப் புயலில் பக்கத்து வீட்டு வேலி சாய்ந்தது. யாரும் கூப்பிடாமலே தெருவில் பாதிப் பேர் வந்து தூக்கி நிறுத்தினார்கள். டிம்ப்னா ஓரமாக நின்று, கண் பளபளக்க, "அதுக்குப் பேரு சமூக மூலதனம்" என்றாள். முட்டுக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நனைந்துபோய் நின்ற அவள் கணவன் மலக்கி சொன்னான்: "எங்க காலத்துல அதுக்குப் பேரு வேலி. ஒரு கை பிடிக்கிறியா?"

மலக்கி ரொட்டி வண்டி ஓட்டுகிறான். விடிவதற்கு முன் கிளம்பி மதியம் திரும்புவான். பாத்திரம் கழுவாமல் அவன் நாற்காலியில் சாய்வதற்கும் ஒரு பெயர் இருப்பதை அவள் முதல் பருவத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பட்டத்தை அப்படியே எடுத்துச் சூட்டிக்கொண்டான். கதவைத் திறந்ததும், "ஆணாதிக்கம் வந்திருக்கு அம்மணி, சூப் மிச்சம் இருக்கா?" என்பான். ஆனால் கேட்டுவிட்டு, கோப்பையை அவனே அலசி வைக்க ஆரம்பித்திருக்கிறான். டிம்ப்னா இதைக் கவனித்தாள். சொன்னால் நிறுத்திவிடுவான் என்று சொல்லாமல் இருக்கிறாள்.

வியாழக்கிழமை மாலை தேவாலயத்தின் பங்குக் கூடத்தில் இளைஞர் மன்றம் கூடும். படிப்பின் களப்பணியை அவள் அங்கேதான் செய்கிறாள். பில்லியர்ட்ஸ் மேசைக்கு ஒரு கால் குட்டை. அதற்குக் கீழே பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் மன்றத்தின் மையம் அந்த மேசை இல்லை, சமையலறை. டிம்ப்னா யாரையும் உட்கார வைத்து "என்ன பிரச்சினை" என்று கேட்பதில்லை. வருகிறவர்கள் கையில் ஒரு கத்தியும் இரண்டு வெங்காயமும் கொடுப்பாள். வெங்காயம் நறுக்குகிறவரைப் பார்த்து ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேண்டியதைச் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். க்ளோன்பெக்கில் போன வருடம் நடந்த பாதி விஷயங்கள் அந்த வெங்காயப் பலகையின் மேல்தான் சொல்லப்பட்டன.

ஷானன் டூஹியும் அங்கேதான் சொன்னாள்.

ஷானனுக்குப் பதினேழு வயது. இறுதித் தேர்வுக்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். பகலெல்லாம் சிப்ஸ் கடைக்குப் பக்கத்துச் சுவரின் மேல் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பாள். அதே முகவாய், அதே வாய்த்துடுக்கு, அப்படியே அவள் பாட்டி நெல்லி என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். அந்த வீட்டை நடத்தியவளே நெல்லிதான். போன இலையுதிர் காலத்தில் அவள் இறந்தாள். அதற்குப் பிறகு மகள் ஜசிந்தா, அதாவது ஷானனின் அம்மா, காலையில் எழுந்திருப்பதை நிறுத்திவிட்டாள். ஷானன்தான் குட்டித் தங்கையை எழுப்பி, தலை வாரி, பள்ளியில் விட்டு வந்தாள். பிறகு வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் சுவருக்குப் போனாள். இதைக் கேட்ட அன்றே டிம்ப்னா, நர்ஸிடம் சொல்லட்டுமா என்று ஷானனைக் கேட்டாள். ஷானன் வெங்காயத்தைப் பார்த்தபடி தலையாட்டினாள். சுகாதார நர்ஸ் வாரா வாரம் வர ஆரம்பித்தார், ஜசிந்தாவை டாக்டரிடம் கூட்டிப்போனார். வசந்தம் வந்தபோது அந்த வீட்டு மாடி ஜன்னலின் திரை சில காலைகளில் விலகியிருந்தது.

இதுவரைக்கும் எல்லாம் சரி.

சமூகவியலுக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. இளைஞர்கள் ஏன் பள்ளியை விட்டு விலகுகிறார்கள் என்பது தலைப்பு. டிம்ப்னா முதல் வருடத்தில் எழுதிய கட்டுரைகள் எல்லாம் புத்தக வரிகளைக் கத்தரித்து ஒட்டிய மாதிரி இருக்கும், மதிப்பெண்ணும் அதற்கேற்ற மாதிரிதான் வரும். இந்தமுறை அவள் வண்டிக்குள் உட்கார்ந்து, கண்ணால் பார்த்ததை எழுதினாள். எழுத எழுத வந்தது. பெயர்களை மாற்ற வேண்டும் என்பது கல்லூரி விதி, மாற்றினாள். ஆசிரியை க்ளோடா முப்பது வயதுக்காரி, கெட்டிக்காரி, டிம்ப்னாவின் மேல் உண்மையான அக்கறை உள்ளவள். அவள் அதைப் படித்துவிட்டுப் போனிலேயே கூப்பிட்டாள். மே மாதத்தில் மாணவர்கள் தங்கள் களப்பணியைப் பொதுமக்கள் முன்னால் வாசிக்கிற நாள் வருகிறது, அதில் இதுதான் முதல் கட்டுரை என்றாள். மக்களைப் பற்றியது மக்களிடமே போக வேண்டும் என்று, விழாவைக் கல்லூரியில் வைக்காமல் க்ளோன்பெக் பங்குக் கூடத்தில் வைத்தார்கள். அன்றைக்கு வாசிப்பதற்குத்தான் களப்பணி மதிப்பெண். அதில் தேறினால், ஜூனில் வரப்போகிற மன்றத்தின் சம்பள வேலைக்கு டிம்ப்னா விண்ணப்பிக்கலாம். தேறாவிட்டால் அந்த வேலைக்கு வெளியூர்க்காரர் யாராவது வருவார். அவரிடம் வெங்காயம் இருக்குமோ இல்லையோ.

விழாவுக்கு முந்தின வாரம் ஒரு மதியம், சமையலறையில் நின்றபடி மலக்கிக்கு வாசித்துக் காட்டினாள். அவன் டீயில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருந்தான்.

"நெல்லி, வயது பதினேழு," என்று தொடங்கினாள்.

மலக்கியின் கை நின்றது. "எந்த நெல்லி?"

"நிஜப் பேர் இல்ல. மாத்தி வச்சது."

"நெல்லி டூஹியப் புதைச்சு ஆறேழு மாசம் ஆகுது அம்மணி. சவப்பெட்டிக்கு நான் தோள் குடுத்தேன். அவளை எதுக்குச் சுவத்து மேல உக்கார வச்சிருக்க?"

டிம்ப்னா தாளைப் பார்த்தாள். எழுதும்போது கண்ணுக்குள் அந்த முகவாய்தான் இருந்தது. வேறு பெயர் வேண்டும் என்று யோசித்த நேரத்தில் கை தானாகப் போட்ட பெயர் அது. க்ளோன்பெக்கில் ஒரு பெண்ணை யாரென்று சொல்ல அவள் பாட்டியின் பெயரைச் சொன்னால் போதும். மறைப்பதற்கென்று அவள் தேடி எடுத்த திரை, ஊரே அடையாளம் சொல்லப் பயன்படுத்துகிற பெயர்ப்பலகை. ஐந்து முறை திருத்தி எழுதியவள் ஒருமுறைகூட இதைக் கவனிக்கவில்லை.

"சரி, மாத்திடறேன். பிரிஜிட்னு போட்டுடறேன்."

"பிரிஜிட்னு போடு, போப்பாண்டவர்னு போடு. இந்த ஊர்ல சிப்ஸ் கடைச் சுவத்துல உக்கார்ற பொண்ணு வேற யாரு?" பிஸ்கட் டீக்குள் விழுந்துவிட்டது. அவன் அதைக் கரண்டியால் துழாவினான். "காலைல ரொட்டி போடும்போது ஜசிந்தா வாசல்ல நின்னா. உன் பேச்சைக் கேக்க வர்றாளாம். அதுக்காக முடி வெட்டிக்கப் போறாளாம்."

டிம்ப்னா வண்டிக்குப் போய்ப் பெல்ட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். புத்தகத்தைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினாள்.

ஷானன் சுவரின் மேல் சிப்ஸ் பொட்டலத்தோடு இருந்தாள். டிம்ப்னா சுற்றி வளைக்காமல் சொன்னாள்: உன்னைப் பற்றி எழுதியிருக்கிறேன், உன்னிடம் கேட்கவில்லை, கல்லூரியில் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஷானன் ஒரு சிப்ஸைக் கடித்துத் தின்று முடித்தாள்.

"அப்ப நான் உங்களுக்கு வீட்டுப்பாடமா?"

படிங்க, கேட்கிறேன் என்றாள் ஷானன். கைப்பையிலிருந்து தாள்களை எடுத்து, சிப்ஸில் தெளித்த வினிகர் வாசனைக்கு நடுவே நின்றுகொண்டு டிம்ப்னா படித்தாள். 'சமூகத்தால் ஓரங்கட்டப்பட்டவர்கள் ஊரின் ஓரங்களையே தங்கள் இடமாக்கிக்கொள்கிறார்கள்' என்ற வரி வந்தபோது ஷானனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யாரு கட்டினா? இந்தா, கைய வச்சுப் பாருங்க. கடைக்காரன் எண்ணெய்ச் சட்டிச் சூடெல்லாம் இந்த ஓட்டை வழியாத்தான் வெளிய வருது. ஊர்லயே ஓசில குளிர் காய்ற இடம் இது ஒண்ணுதான்."

டிம்ப்னா கையை வைத்துப் பார்த்தாள். கதகதப்பாக இருந்தது. அவளும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அங்கே படுக்கையறைக் கதவு இருந்தது. காலையில் மூடியே கிடக்கிற கதவு, அதன் முன்னால் ஷூ நாடா கட்டத் தெரியாமல் நிற்கிற சின்னப் பெண், உள்ளேயிருந்து பதில் வராத அறை. ஷானன் மெல்லுவதை நிறுத்தினாள்.

"இது நான் வெங்காயம் நறுக்கும்போது சொன்னது."

"ஆமா."

"நர்ஸ்கிட்ட சொல்லட்டுமான்னு கேட்டீங்க. சரின்னேன். இதுக்குக் கேக்கல."

"கேக்கல, கண்ணு."

ஷானன் பொட்டலத்தைக் கசக்கிக்கொண்டு சுவரிலிருந்து குதித்தாள். "நல்லா எழுதியிருக்க. அதான் இன்னும் கடுப்பா இருக்கு. வியாழக்கிழமை என்னைத் தேடாத." அதுவரை 'நீங்க' என்றவள் 'நீ' என்றது டிம்ப்னாவுக்குத் தெரு முனை வரைக்கும் காதில் நின்றது.

அந்த வியாழக்கிழமை ஷானன் வரவில்லை. டிம்ப்னா க்ளோடாவிடம் பேசிப்பார்த்தாள். பெயர் மாற்றினால் விதிப்படி போதும், இவ்வளவு நல்ல கட்டுரையைக் கடைசி நேரத்தில் தூக்கிப் போடாதீர்கள், வேலை விஷயம் வேறு இருக்கிறது என்றாள் க்ளோடா. அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. "பாக்கலாம்" என்றாள் டிம்ப்னா. க்ளோன்பெக்கில் அதற்கு அர்த்தம் முடியாது என்பது. க்ளோடா வேறு ஊர்க்காரி, சரி என்று எடுத்துக்கொண்டாள்.

விழாவன்று கூடம் நிறைந்துவிட்டது. கல்லூரிக்காரர்கள், கவுன்சில்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் ஊர். இரண்டாவது வரிசையில் ஜசிந்தா. முடியை வெட்டி, உதட்டுக்குச் சாயம் பூசி, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, பள்ளியில் முதல் நாள் உட்காருகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஷானனும் வந்திருந்தாள். தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு, கடைசியில், கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். இரண்டு பேரின் மழைச்சட்டையிலும் ஜிப் கழுத்து வரை ஏறியிருந்தது. டிம்ப்னா என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துவிட்டு, சொன்னதும் வெளியேறுவதற்குத் தயாராக நின்றது நன்றாகத் தெரிந்தது.

டிம்ப்னா மைக்குக்கு முன்னால் வந்து தாள்களை விரித்தாள். முதல் வரியைப் பார்த்தாள். ஜசிந்தாவைப் பார்த்தாள். தாள்களை நாலாக மடித்துக் கம்பளிச் சட்டைப் பைக்குள் திணித்தாள். பிறகு, டீ மேசைக்குப் பக்கத்தில் கைகட்டி நின்ற கணவனைப் பார்த்து, மைக்கிலேயே கேட்டாள்:

"மலக்கி, அந்த அட்டை விஷயம். சொல்லட்டுமா?"

கூடம் முழுக்க அவன் பக்கம் திரும்பியது. மலக்கி கூரையைப் பார்த்தான், தன் ஷூவைப் பார்த்தான்.

"வேணாம்னா சொல்லமாட்டேன்," என்றாள் அவள்.

"சொல்லு அம்மணி. இனிமே என்ன மானம்."

அதன் பிறகே அவள் ஆரம்பித்தாள். படிப்பின் முதல் வருடத்தில், ஊருக்கு என்னென்ன தேவை என்று வீடு வீடாகக் கேட்டுவரச் சொன்னார்கள். டிம்ப்னா கழுத்தில் அடையாள அட்டையும், கையில் எழுதுகிற அட்டையும் பேனாவுமாகக் கிளம்பினாள். அவள் தெரு முனையில் திரும்பியதும் வீட்டுக்கு வீடு டிவி அணைந்தது, திரை விழுந்தது. வீட்டில் டிவி வைத்திருப்பதற்கான வருட வரியைக் கட்டாதவர்களைப் பிடிக்க ஆள் வருகிறது என்று செய்தி அவளுக்கு முன்னால் ஓடியிருந்தது. பிறந்ததிலிருந்து அவளைப் பார்த்தவர்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அட்டையைத்தான் பார்த்தார்கள். ஒரு வீட்டையும் விடக்கூடாது என்பது விதி. அதனால் அவள் தன் வீட்டு மணியையும் முறைப்படி அடித்தாள். கதவு திறக்கவில்லை. தபால் துளை வழியாகக் குனிந்து பார்த்தால், மலக்கி நடைக்கூடத்தில் குப்புறப் படுத்திருக்கிறான், நாயின் வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டு. "மலக்கி, நான்தான்" என்றாள். "வீட்ல யாரும் இல்ல" என்று பதில் வந்தது.

கூடம் அதிர்ந்தது. சிரிப்பு அடங்கும்வரை டிம்ப்னா காத்திருந்தாள். மறுநாள் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வெறுங்கையோடு போனதாகச் சொன்னாள். எல்லாக் கதவும் திறந்தது, எல்லோரும் பேசினார்கள், வயிறு வீங்குகிற அளவுக்கு டீ கொடுத்தார்கள்.

"அட்டையோட போனா ஒண்ணும் கிடைக்காது. வெறுங்கையோட போனா எல்லாம் கிடைக்கும்," என்றாள். "ஆனா அப்படிக் கிடைச்சதை எடுத்துட்டு வர்றதுக்கு முன்னாடி, குடுத்தவங்களைத் திரும்பவும் ஒருதரம் கேக்கணும். அது எனக்கு இப்பத்தான் தெரிஞ்சது. அவ்வளவுதான்." கை தட்டுவதற்குக்கூட நேரம் கொடுக்காமல் இறங்கிவிட்டாள்.

இரண்டாவது வரிசையில் ஜசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு இன்னும் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தாள். கதவருகில் ஷானன் ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்து, தங்கையின் மழைச்சட்டை ஜிப்பை இறக்கினாள். அதைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, உட்கார இடம் தேடினாள்.

மற்ற மாணவர்கள் வாசித்து முடித்ததும் டீக்கு எழுந்தார்கள். மேசையில் பெரிய அலுமினியக் கெட்டில், ஹாம் சாண்ட்விச், நறுக்கிய கேக். க்ளோடா கோப்பையோடு டிம்ப்னாவின் பக்கத்தில் வந்து நின்றாள். நன்றாகப் பேசினீர்கள், ஆனால் ஒப்புக்கொண்ட கட்டுரை இது இல்லை, இதற்கு என்னால் மதிப்பெண் போட முடியாது என்று வருத்தத்தோடு சொன்னாள். ஆகஸ்டில் வேறொன்றை வாசிக்கலாம். ஆனால் ஜூன் வேலைக்கு அது உதவாது.

"தெரியும் கண்ணு. ஆகஸ்ட்னா ஆகஸ்ட்," என்றாள் டிம்ப்னா. கெட்டிலை இரண்டு கையாலும் தூக்கி யாருக்கோ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

க்ளோடாவுக்கு மனம் ஆறவில்லை. "ஆனா அந்த நெல்லிக்கு என்னாச்சு? ஏன் விட்டுட்டீங்க?"

அவளுக்குப் பின்னால் ஜசிந்தா வந்து நின்றிருந்தாள், வெறுங்கோப்பையோடு. சிரித்துச் சிவந்த முகம் அப்படியே நின்றது. "நெல்லியா? எங்கம்மாவையா சொல்றீங்க?"

க்ளோடா திரும்பிப் பார்த்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தவள், எதையோ புரிந்துகொண்டு மூடிக்கொண்டாள். டிம்ப்னா திரும்பவில்லை. ஊற்றிக்கொண்டிருந்த கோப்பையை நிரப்பி முடித்தாள்.

"நெல்லி இருந்திருந்தா இந்த டீய இவ்வளவு நேரம் ஆற விட்டிருப்பாளா?" என்றாள். "பின்னாடி வரிசைக்கு இன்னும் ஒரு சொட்டு போகல. இந்தா ஜசிந்தா, பிடி, என் தோள் விட்டுப்போச்சு." ஜசிந்தாவின் கோப்பையை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, கனமான கெட்டிலை அவளுடைய இரண்டு கைக்கும் மாற்றினாள். அது சரியாகப் பிடிபடுகிற வரைக்கும் அடியில் தன் உள்ளங்கையைத் தாங்கலாக வைத்திருந்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, தன் கோப்பையை நீட்டினாள்.